டின் இறைச்சியும் மிச்சச் சோறும்: அவசரத்துக்கு ஒரு ஃபிரைட் ரைஸ்

லஞ்சன் மீட் டின்னைத் திறக்கும் முன் அதன் மேலிருக்கும் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். லஞ்சன் மீட்டில் பேர்பெற்ற ஸ்பேம், அதன் 340 கிராம் டின் என்றால் 56 கிராமுக்கு 790 மில்லிகிராம் சோடியம், 16 கிராம் கொழுப்பு என்று போட்டிருக்கும். சோடியத்தைப் போல இரண்டரை மடங்கு உப்பு என்று வைத்து டின் முழுவதற்கும் கணக்குப் போட்டால் உப்பு கிட்டத்தட்ட 12 கிராம், கொழுப்பு 96 கிராம். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆக, உப்பும் எண்ணெயும் டின்னுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டன. அதை மறந்துவிட்டு, வழக்கமான ஃபிரைட் ரைஸுக்குப் போடுகிற கைக்கணக்கில் எண்ணெயையும் சோயா சாஸையும் ஊற்றுவதால்தான் பல வீடுகளில் இது உப்புக் கரித்து, தட்டில் எண்ணெய் தேங்கி நிற்கிறது.

ஸ்பேம் 1937இல் அமெரிக்காவின் ஹோர்மல் நிறுவனம் கொண்டுவந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளோடு ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ், ஓகினாவா என்று போய், கொரியப் போரின்போது கொரியாவிலும் இறங்கியது. போன இடமெல்லாம் சோறு தின்கிற ஊர். சோற்றோடு அது ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. சிங்கப்பூர், மலேசிய அலமாரிகளில் ஸ்பேமுக்குப் பக்கத்திலேயே சீனத்து மாலிங் டின்னும் இருக்கும். இவை பன்றி இறைச்சி. ஹலால் வேண்டுவோருக்குக் கோழி லஞ்சன் மீட் தனியாகக் கிடைக்கிறது. செய்முறை ஒன்றுதான், ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அது கீழே வரும்.

இரண்டு பேருக்கு வேண்டியவை:

ஆறிய சோறு 400 கிராம் (பச்சையாக 150 கிராம் அரிசி)
லஞ்சன் மீட் அரை டின், அதாவது 170 கிராம்
முட்டை 2
சின்ன வெங்காயம் 6, பூண்டு 3 பல்
பச்சை மிளகாய் 2, காரம் தாங்குபவர்களுக்குச் சில்லி பாடி என்ற குட்டி மிளகாய் 2
உறைய வைத்த பட்டாணி, கேரட் ஒரு கைப்பிடி
வெங்காயத்தாள் 3
வெளிர் சோயா சாஸ் 2 தேக்கரண்டி
வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி
எண்ணெய் 1 மேசைக்கரண்டி

உப்பு இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகவில்லை. தேவையில்லை, அவ்வளவுதான். அரை டின்னும் சோயாவும் சேர்ந்தே தலைக்கு ஏறக்குறைய 1,500 மில்லிகிராம் சோடியம் தந்துவிடும். அது 4 கிராம் உப்புக்குச் சற்றே குறைவு, ஒரு நாள் கணக்கில் பெரும்பகுதி. அன்றைக்கு ஊறுகாயையும் அப்பளத்தையும் தள்ளி வைப்பது நல்லது.

சோறுதான் முதல் வேலை

சுடச்சுட வடித்த சோற்றில் இதைச் செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று தெரிந்தால்தான் மிச்சச் சோறு இல்லாத நாளில் சமாளிக்க முடியும். வெந்த பருக்கையின் மேல் ஈரமும், பசை போல மாவுச்சத்தும் படிந்திருக்கும். வாணலியில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகும். ஆவி பறக்கிற வரை வாணலிச் சூடு ஏறாது. சோறு வறுபடாமல் தன் ஆவியிலேயே மறுபடி வெந்து குழையும். ஃபிரிட்ஜில் ஓர் இரவு இருந்த சோற்றில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கும். மேல் ஈரம் வற்றியிருக்கும், உள்ளே மாவுச்சத்து இறுகியிருக்கும். விரலால் அழுத்தினால் பருக்கை நசுங்காமல் இரண்டாக உடையும். அந்தப் பதம்தான் வேண்டும்.

அரிசியைப் பொறுத்தவரை, தாய்லாந்து மல்லி அரிசி கிழக்காசிய ருசிக்கு நெருக்கமானது. ஆனால் மென்மையானது என்பதால் சமைக்கும்போதே தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஒரு கப் அரிசிக்கு ஒரு கப் தண்ணீர் போதும். ஹவாயில் கால்ரோஸ் என்ற நடுத்தரப் பருக்கை அரிசிதான் வழக்கம். அது கொஞ்சம் ஒட்டும், அந்த ஒட்டல் அவர்களுக்குப் பிடித்தமானது. பாஸ்மதி நன்றாகப் பிரியும், கரண்டியால் கொத்தினால் முறிந்து நொய்யாகும். நம் பொன்னிப் புழுங்கலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கஞ்சி வடித்து ஆற வைத்த புழுங்கல் சோறு உதிரி உதிரியாக நிற்கும், இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். குக்கரில் குழைய வைத்த சோறு ஆகாது. தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றை மோர் ஊற்றிக் குடித்துவிடுங்கள், வாணலிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். ரைஸ் குக்கரில் ‘வார்ம்’ நிலையில் கிடந்த சோறும் சரிப்படாது. ஆவியிலேயே கிடப்பதால் அதன் ஈரம் குறைவதே இல்லை.

மிச்சச் சோறு இல்லையா? புதிதாக வடித்த சோற்றை அகலமான தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் வையுங்கள். பிறகு மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். இரவு முழுக்க வைத்த சோற்றுக்குக் கிட்டத்தட்ட ஈடாகும்.

மேசையில் மூடி வைத்து மறந்துபோன சோற்றை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கும். பாக்டீரியா செத்தாலும் அந்த நச்சு வாணலிச் சூட்டில் அழியாது. ‘நன்றாக வறுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்த சோறு, அதுவும் ஒரு நாளுக்குள் எடுத்தது, இதுதான் கணக்கு.

சமைக்கப் பத்து நிமிடம் முன் சோற்றை வெளியே எடுத்து, கையை லேசாக நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். வாணலியில் போட்ட பிறகு கட்டியை உடைக்கிறேன் என்று கொத்தினால் பாதிப் பருக்கை மாவாகிவிடும்.

இறைச்சி

டின்னை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் நேர்த்தியாக வெட்ட வரும். இறைச்சி வெளியே வராமல் அடம்பிடித்தால், சுற்றிலும் மெல்லிய கத்தியை ஓட்டிக் கவிழ்த்து, டின்னின் இரு பக்கத்தையும் லேசாக அழுத்துங்கள், காற்று புகுந்ததும் நழுவி விழும். மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி, விரலை விட்டுத் தோண்ட வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் ஜெல்லியைக் காகிதத் துண்டால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் போட்டால் எண்ணெய் படபடவென்று முகத்துக்குத் தெறிக்கும்.

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் துண்டங்களாக அரிந்து, பிறகு பட்டைகளாக, பிறகு சதுரங்களாக. இதைவிடப் பொடியாக வெட்டினால் வறுபட்டு உப்புக்கல்லாகிவிடும். பெரிதாக வெட்டினால் உள்ளே மெத்தென்று நின்று சோற்றோடு சேராது.

வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் ஊற்றி, நடுத்தரத் தீயில் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அதன் பின் ஒரு முழு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். லஞ்சன் மீட்டில் ஸ்டார்ச் கலந்திருக்கும், அது முதலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் சிவந்து ஓடு கட்டியதும் தானே விட்டுவிடும். அதற்குமுன் கிளறினால் பிய்ந்து களியாகும். ஓரங்களில் கொழுப்பு நுரைத்துக்கொண்டு வரும், இளஞ்சிவப்பு முனைகள் வெல்லப்பாகு நிறத்துக்கு மாறும். அப்போது புரட்டிவிட்டு இன்னும் மூன்று நிமிடம். நடுவே இளஞ்சிவப்பு போகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். சோடியம் நைட்ரைட் சேர்த்திருப்பதால் அந்த நிறம் எவ்வளவு வறுத்தாலும் போகாது. தவிர, டின்னுக்குள் ஏற்கெனவே வெந்த இறைச்சிதான் அது. நாம் வறுப்பது மொறுமொறுப்புக்கும் மணத்துக்கும் மட்டும். தீயைக் கூட்டினால் அதிலுள்ள சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

துண்டுகளைத் தட்டுக்கு எடுங்கள். வாணலியில் கசிந்து நிற்கும் கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் விட்டு மீதியை வடித்துவிடுங்கள். கோழி லஞ்சன் மீட்டில் இவ்வளவு கொழுப்பு பெரும்பாலும் கசியாது. அதற்கு வறுக்கும்போதே இன்னொரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். மேலே சொன்ன வித்தியாசம் இதுதான்.

வாணலியில்

இனி எல்லாம் ஆறேழு நிமிட வேலை. ஆகவே வெட்ட வேண்டியதை வெட்டி, சாஸைக் கிண்ணத்தில் அளந்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தீயைக் கூட்டி, மிச்சமுள்ள எண்ணெயை அந்தக் கொழுப்போடு சேர்த்து, அடித்த முட்டையை ஊற்றுங்கள். பொங்கி எழும்பும். இரண்டு மடக்கு மடக்கி, முக்கால் பதத்தில், மேலே இன்னும் பளபளப்பு இருக்கும்போதே இறைச்சித் தட்டுக்கு எடுத்துவிடுங்கள். கடைசியில் சூட்டோடு கலக்கும்போது அது முழுதாக வெந்துவிடும். அதே வாணலியில் பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய். முக்கால் நிமிடம் போதும், பூண்டு சிவந்தால் போதும். பட்டாணியையும் கேரட்டையும் உறைந்தபடியே போடாமல், வெந்நீரில் போட்டெடுத்து ஈரம் ஒற்றிய பிறகு சேர்க்க வேண்டும். ஒரு கைப்பிடிப் பனிக்கட்டி இத்தனை நேரம் ஏற்றிய சூட்டை ஒரே நொடியில் தின்றுவிடும்.

அடுத்து சோறு. முழுத் தீ. கரண்டியின் முதுகால் அழுத்திப் பரப்பி, முப்பது விநாடி விட்டு, அடியிலிருந்து வாரிப் புரட்டுங்கள், மறுபடி பரப்புங்கள். மூன்று நான்கு நிமிடம் இப்படியே. பார்வையைவிடக் காது நன்றாகச் சொல்லும். முதலில் ‘உஸ்’ என்று ஆவிச் சத்தம் வரும். ஈரம் தீர்ந்ததும் அது அடங்கி, பருக்கைகள் வெடவெடவென்று மெல்லத் துள்ளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் சோயா. சோற்றின் தலையில் ஊற்றாதீர்கள். சோற்றை ஒதுக்கிவிட்டு, காய்ந்த வாணலி விளிம்போரமாகச் சுற்றி ஊற்றினால் இரும்பில் பட்டதுமே பொரிந்து மணக்கும். சோற்றின் மேல் ஊற்றினால் ஊற்றிய இடம் மட்டும் கறுத்து ஈரமாகும், மற்ற இடம் வெளிறிக் கிடக்கும். நிறம் வேண்டுமென்றால் கறுப்பு சோயா அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

இறைச்சி, முட்டை, வெங்காயத்தாள், வெள்ளை மிளகு எல்லாம் ஒன்றாக உள்ளே, அரை நிமிடம் புரட்டி இறக்குங்கள். உப்பு பாருங்கள். அநேகமாக எதுவும் வேண்டியிருக்காது.

உணவங்காடிக் கடை அடுப்பின் சீற்றம் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டு அடுப்பில் வராது. அதற்கு ஒரே மாற்று, குறைவாகப் போடுவது. நான்கு பேருக்கு வேண்டுமென்றால் 800 கிராம் சோற்றை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு ஈடாகச் செய்யுங்கள், இரண்டாவது ஈட்டுக்குக் கூடுதலாக ஏழெட்டு நிமிடம்தான் ஆகும். தட்டையான மின்னடுப்பு என்றால் குழிந்த வாணலியைவிட அகலமான தட்டைச் சட்டி நல்லது, அதைத் தூக்கிக் குலுக்கவும் வேண்டாம். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே முழுத் தீயில் காய விடக் கூடாது, பூச்சு கெடும்.

சோறு குழைந்துவிட்டதா? தீயைக் கூட்டி, அகலமாகப் பரப்பி, கிளறாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். அடியில் லேசாகப் பொருக்குக் கட்டும். அதைச் சுரண்டிக் கலந்தால் ஓரளவு தேறும். உப்புக் கூடிவிட்டால் தண்ணீர் தெளிக்காதீர்கள். இன்னும் ஒரு கைப்பிடிச் சோறு அல்லது ஒரு முட்டை சேருங்கள், பக்கத்தில் வெள்ளரிக்காய் அரிந்து வையுங்கள். உப்பு ஆகவே ஆகாதென்றால் ‘லெஸ் சோடியம்’ டின் வாங்கலாம். வெட்டிய துண்டுகளைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்தாலும் உப்பு கொஞ்சம் இறங்கும், ஆனால் நன்றாக ஒற்றி எடுக்காவிட்டால் எண்ணெய் தெறிக்கும்.

கொரிய வழியில் செய்வதானால் சோயாவை விட்டுவிட்டு, புளித்த கிம்ச்சி (கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய்) 100 கிராமைப் பிழிந்து பொடியாக அரிந்து, சோற்றுக்கு முன் மூன்று நிமிடம் வதக்குங்கள். முட்டையைக் கலக்காமல் ஒற்றைக் கண் முட்டையாகப் பொரித்து மேலே வைப்பார்கள். மலாய் ருசிக்கு வெங்காயத்தோடு சம்பல் பெலாச்சான் (இறால் விழுது சேர்த்து அரைத்த மிளகாய்) ஒரு தேக்கரண்டி, அதற்கேற்ப சோயா பாதி. கார்ன்ட் பீஃப் டின் என்றால் சதுரமாக வெட்ட முடியாது, உதிர்த்துப் பரப்பி, அடி முறுகும்வரை விட்டுப் புரட்ட வேண்டும். இலங்கை வீடுகளில் கையிருப்பில் இருக்கும் டின் மீனிலும் செய்யலாம். ஆனால் சாற்றை முழுக்க வடித்து, நடுமுள்ளை எடுத்து, தனியாக வறுத்துக் கடைசியில் மேலே தூவுவதோடு நிறுத்துங்கள். கூடக் கிளறினால் சோறெல்லாம் மீன் தூளாகிவிடும்.

மீதி அரை டின் இறைச்சியை டின்னிலேயே விட்டுவைக்காமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். துண்டம் போட்டு, நடுவே மெழுகுத்தாள் வைத்து உறைநிலைப் பெட்டியில் போட்டால் இரண்டு மாதம் வரை எடுத்து எடுத்துப் பொரிக்கலாம். செய்த ஃபிரைட் ரைஸ் மிஞ்சினால் மட்டும் எடுத்து வைக்காதீர்கள். அந்தச் சோற்றை ஏற்கெனவே ஒருமுறை ஆறவைத்துச் சூடாக்கியாயிற்று.