ஆடி 1: தேங்காய் சுடுவது எப்படி?

சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கம் ஆடி முதல் நாள் சாயங்காலம் வாசலில் நெருப்பு மூட்டித் தேங்காய் சுடுவார்கள். பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது என்பதும், வெற்றி வேண்டிப் பிள்ளையாருக்குப் படைத்த தேங்காய்தான் இது என்பதும் ஐதீகம். பாத்திரமே வேண்டாம், ஓடுதான் அடுப்புச் சட்டி.

முற்றிய, ஆட்டினால் தண்ணீர் குலுங்கும் காயாக எடுங்கள். இளங்காயின் ஓடு மெலிசு, சீக்கிரம் வெடித்துவிடும். குடுமி உட்பட நாரை ஒட்டப் பிய்த்து, சொரசொரப்பான தரையில் வழவழவென்று ஆகும்வரை தேயுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். மிச்சமிருக்கும் நார் பற்றிக்கொண்டால் அந்த இடம் மட்டும் காய்ந்து ஓடு பிளந்துவிடும்.

மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். அதைத் துளைத்துத் தண்ணீரை வடித்து வையுங்கள்.

ஒரு காய்க்கு: அரை மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை தலா 1 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 2 மேசைக்கரண்டி, எள் 1 தேக்கரண்டி, ஏலக்காய் 1. கலந்து, சுருட்டிய காகிதம் வழியாக முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். பருப்பும் அவலும் உப்பும். இடம் இல்லாவிட்டால் நடுவில் வேகாது. வடித்த தண்ணீரில் 2 அல்லது 3 மேசைக்கரண்டி திருப்பி ஊற்றுங்கள். அது இல்லாவிட்டால் வெல்லம் தீய்ந்து கசக்கும்.

மூன்றடி நீளப் பச்சை அழிஞ்சிக் குச்சியைக் கூராகச் சீவி, கண்ணில் இறுகச் செருகுங்கள். அழிஞ்சி கிடைக்காவிட்டால் கொய்யாக் குச்சி போதும். அரளியைத் தொடவே வேண்டாம், விஷம். ஓட்டின்மேல் மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள்.

காய்ந்த மட்டை, விறகு போட்டு மூட்டி, கொழுந்து அடங்கியதும் காட்டுங்கள். 20 முதல் 30 நிமிடம் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் கருகும், மறுபக்கம் பருப்பு நறுக்கென்று நிற்கும். குச்சி ஓரத்தில் நுரை கட்டிச் 'சுர்'ரென்று சத்தம் வரும். உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். ஓடு வெடித்து நீராவி பீய்ச்சலாம், முகத்தைத் தள்ளியே வையுங்கள். குழந்தைகள் கையில் குச்சி இருந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஓடு முழுக்கக் கருத்து, கீறல் விட்டு, வெல்ல வாசனை தூக்கும்போது எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆறட்டும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், புகை மணத்தோடு பருப்பும் வெல்லமும் பத்தையில் ஒட்டிக்கொண்டு வரும். சூடு ஆறுவதற்குள் பங்கு போட்டுவிடுங்கள்.