அக்ரிலிக் பெயின்ட் பேலட்லயே (கலர் கலக்குற தட்டுலயே) காயாம இருக்க ஒரு வழி

மூடி டைட்டா இருக்குற தட்டையான டப்பாவுல கிச்சன் டிஷ்யூவ நாலா மடிச்சு போட்டு நல்லா நனைங்க, தண்ணி தேங்கி நிக்கக்கூடாது, அது மேல கேக் பேக் பண்ற பார்ச்மென்ட் பேப்பர விரிச்சு அதுல பெயின்ட்ட பிதுக்குங்க, வேலை முடிஞ்சதும் மூடி வச்சா அடுத்த நாளும் அதே கலர் கலவைய எடுத்து வரையலாம்.

அக்ரிலிக்ல இருக்குற தண்ணி ஆவியானா பிளாஸ்டிக் துகள்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி படலமாயிடும், அப்புறம் எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் கரையாது. பார்ச்மென்ட் அடியிலருந்து ஈரத்த கொஞ்சம் கொஞ்சமா மேல விடுது, அதான் விஷயம். மெழுகு பூசின பேப்பர் வேண்டாம், அது ஈரத்த விடவே விடாது. பெரிய படத்துக்கு ஸ்கின் டோன் மாதிரி திரும்ப கலக்க கஷ்டமான கலர் இருந்தா இது ரொம்பவே உதவும்.

ஆனா கத்தியால கெட்டியா அப்பி வரையறவங்களுக்கு இது சரிப்படாது, பெயின்ட் ஈரத்த இழுத்து இளகிடும். ஆயில் பெயின்ட்டுக்கும் இது வேலைக்காகாது, அது காயறதே வேற விதம். ரொம்ப நாள் மூடியே வச்சா பூஞ்சை பிடிக்கும், நாத்தம் வந்தா யோசிக்காம டிஷ்யூவ மாத்திடுங்க.