உறைபனியில் லாரியைக் கிளப்ப: பிளாக் ஹீட்டரைப் பொருத்துவதும் பயன்படுத்துவதும்

மார்கழி, தை மாதங்களில் மூணாறு மலையின் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பகுதிகளில் புல்லின்மேல் வெள்ளையாகப் பனி உறைந்து, விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டோ அதற்கு ஒரு டிகிரி கீழே இறங்கியோ நிற்கும் நாட்கள் சில உண்டு. தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்துக்கு முன்னால் நிறுத்திய ஜீப் அந்தக் காலையில் கிளம்பாமல் முனகுவதை இங்குள்ள எல்லாரும் கேட்டிருப்பார்கள். இரவில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டுக் கிளப்பும் பழக்கம் எங்கள் ஓட்டுநர்களிடம் ஊறிப்போனதற்கும் அதுவே காரணம். இந்தக் குளிருக்கு, என்ஜினை மின்சாரத்தால் முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டர் போடலாமா என்று என் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் கேட்டால், வேண்டாம் என்றே சொல்கிறேன். பேட்டரி நல்ல நிலையில் இருந்து, கிளப்பும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் அனைத்தும் வேலை செய்தால், மூணாற்றுக் குளிரில் எந்த டீசல் வண்டியும் செல்ஃபிலேயே கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் குற்றம் குளிருடையது அன்று.

ஆனால் இதே மலையிலிருந்தும், கீழே போடி, கம்பம் பக்கமிருந்தும் சிலர் இன்று கனடாவுக்கு டிரெய்லர் ஓட்டப் போகிறார்கள்; சிலருக்கு லடாக் வரை லோடு கொண்டுபோக நேர்கிறது. மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே செய்தி அல்ல, சாதாரண இரவு. இந்தக் குறிப்பை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று சூடேறி, அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இரவு முழுவதும் மைனஸ் 30 டிகிரியில் நின்ற இரும்பு, அந்தச் சூடு பிறக்கும்போதே அதை உறிஞ்சிவிடும். ஆயிலும் பாகாக இறுகிக் கிடப்பதால் கிராங்கைச் சுழற்ற வழக்கத்தைவிடப் பல மடங்கு பலம் வேண்டியிருக்க, பேட்டரியோ மைனஸ் 18 டிகிரியிலேயே தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுக்கும். செலவு ஏறும் நேரத்தில் வரவு இறங்குகிற குடும்பத்தின் நிலைதான். எப்படியோ கிளப்பிவிட்டாலும், இறுகிய ஆயில் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசும்; அந்தத் தேய்மானம் அன்றைக்குத் தெரியாது. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே என்ஜினைக் குளிர்விக்க அதற்குள் சுழலும் திரவமான கூலன்டை மின்சாரத்தால் சூடாக்கி, அதன் வழியாக இரும்பையும் ஓரளவு ஆயிலையும் வெதுவெதுப்பாக வைப்பதே பிளாக் ஹீட்டரின் வேலை.

அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை பெற்ற ஹீட்டர், சிலிண்டர் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் திருகப்படும் போல்ட் வடிவத்தில் இருந்தது. இன்று பெரும்பாலும் காண்பது, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்புத் துளையை அடைத்திருக்கும் கிண்ணம் போன்ற தகட்டு மூடியை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் கூலன்டுக்குள் மூழ்கும்படி வைக்கும் கம்பிச்சுருள் ஹீட்டரே. கூலன்ட் ஹோஸின் நடுவே வைப்பதும், என்ஜினின் கீழே ஆயில் தேங்கும் ஆயில் பானின் அடியில் ஒட்டும் சூட்டு அட்டையும், பேட்டரியைச் சுற்றும் சூட்டுப் போர்வையும் உண்டு. கார்களில் 400 முதல் 600 வாட் வரை இருக்கும் ஹீட்டர், பெரிய லாரி என்ஜின்களில் 1000 முதல் 1500 வாட் வரை இருக்கும். தேர்வு உங்களுடையது என்றால், பிளாக்கில் மூழ்கும் ஹீட்டரை முதலில் போடுங்கள். மற்றவை அதற்குத் துணை.

பொருத்தும் வேலையை ஆறிய என்ஜினில்தான் தொடங்க வேண்டும். கூலன்டை முழுவதும் வடித்து, தகட்டு மூடியை எடுத்து, துளையின் விளிம்பிலுள்ள துருவைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, ரப்பர் வளையத்தில் சிறிது கிரீஸ் தடவி ஹீட்டரை உள்ளே வையுங்கள். கம்பிச்சுருள் உட்சுவரில் எங்கும் முட்டக் கூடாது. ஹீட்டரோடு வரும் தாளில் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று குறித்திருப்பார்கள், அதன்படியே செய்யுங்கள். கூலன்டை மறுபடி நிரப்பும்போது உறையாமல் காக்கும் திரவமான கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் அது மைனஸ் 37 டிகிரி அளவுவரை உறையாது. அதன் பிறகு என்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறி, கசிவு இல்லை என்று உறுதியான பின்னரே ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். வேலை செய்கிறதா பார்ப்போம் என்று வெறும் காற்றில் வைத்துச் சோதித்தால், நீரில் இருக்க வேண்டிய சுருள் சிறிது நேரத்திலேயே கருகிப்போகும்.

சோதிக்க மல்டிமீட்டர் இருக்கிறது. கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ட் என்பதால், 1000 வாட் ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே சுமார் 14 ஓம், 1500 வாட் ஹீட்டரில் சுமார் 10 ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் சுருளோ ஒயரோ அறுந்திருக்கிறது. மின்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் அந்த ஹீட்டரைத் தொடவே கூடாது. அங்கிருந்து ஊருக்கு வரும் உறவினர் ஒருவர் மலிவாகக் கிடைத்ததென்று ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்து, நம் 230 வோல்ட்டில் சொருக இருந்த நேரத்தில் நல்லவேளையாக நான் பக்கத்தில் இருந்தேன். 120 வோல்ட் ஹீட்டருக்கு 230 வோல்ட் கொடுத்தால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தியை இழுத்து எரிந்துவிடும்.

என் அனுபவத்தில் ஹீட்டரைவிட அதிகமாகக் கெடுவது ஒயர்தான். 120 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இதைத் தாங்காது. எர்த் உள்ள மூன்று முனையும், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தடித்த உறையும் கொண்ட, கூடுமானவரை நீளம் குறைந்த ஒயரை வாங்குங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் முனை தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. வண்டியோடு இருக்கும் ஒயரை ஃபேன் பெல்ட்டிலும் எக்ஸாஸ்ட்டிலும் படாமல் கட்டி, முனையை முன் கிரில் வழியாக வெளியே விட வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. இரவு முழுவதும் போட்டுவைத்தால் என்ஜின் மேலும் மேலும் சூடாகாது. ஓர் அளவுக்குப் பிறகு ஹீட்டர் கொடுப்பதும் காற்று எடுத்துக்கொள்வதும் சமமாகிவிடும். பொதுவாகக் கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு போட்டால் போதும். பெரிய என்ஜினுக்கும் கடும் குளிருக்கும் நான்கு மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். 1500 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரத்தில் 6 யூனிட் எடுக்கும். நடுராத்திரியில் எழ வேண்டியதில்லை, டைமர் ஒன்று வாங்கினால் போதும்.

ஹீட்டரால் தீராதவையும் உண்டு. டேங்கில் டீசலிலுள்ள மெழுகு இறுகி ஃபில்டரை அடைத்தால் என்ஜின் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தும் பயனில்லை. குளிர்கால டீசலையே நிரப்ப வேண்டும். நம் நாட்டில் லடாக்குக்காக, மைனஸ் 33 டிகிரி வரை இறுகாமல் ஓடும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டேங்கோடு மேலே ஏறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதுபோல நம் ஊரில் ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயிலை அங்கே கொண்டுபோகாமல், குளிரில் அவ்வளவு இறுகாத, என்ஜின் கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ வகைக்கு மாற்றுங்கள்.

லடாக்கில் லாரி நிற்கும் இடத்தில் பெரும்பாலும் பிளக் பாயின்ட் இருக்காது. வண்டியின் டேங்கிலிருந்தே சிறிது டீசலை எரித்துக் கூலன்டைச் சூடாக்கிச் சுழலவிடும் ஹீட்டர்தான் அங்கே பொருந்தும்; அதன் புகை நஞ்சு என்பதால் மூடிய கொட்டகைக்குள் அதை ஓடவிடக் கூடாது. அதுவும் இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி இரவில் அறைக்குள் வைத்திருங்கள். ஆயில் பானுக்கும் டேங்குக்கும் அடியில் துணியைக் கொளுத்துவதைச் சிலர் திறமையாகப் பேசுகிறார்கள். ஒரு சொட்டு டீசல் கசிவு இருந்தால் லாரியும் லோடும் போய்விடும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில், எளிதில் பற்றும் ஈதர் ஸ்பிரேயைக் கிளப்புவதற்காக அடிப்பதும் அதற்குச் சமமான ஆபத்து, ஏனென்றால் பழுத்த பிளக்கில் பட்டவுடன் அது நேரம் தவறி வெடித்து என்ஜினையே உடைக்கலாம்.

கிளப்பும் நேரத்தில் முதலில் ஒயரைக் கழற்றுங்கள். மறந்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதால், ஒயரை ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவைப்பது நல்லது. சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃபை அடியுங்கள். பதினைந்து வினாடிக்குள் பிடிக்காவிட்டால் நிறுத்தி, இரண்டு நிமிடமாவது செல்ஃபுக்கும் பேட்டரிக்கும் ஓய்வு கொடுங்கள். பிடித்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஆயில் அழுத்தம் ஏறுவதையும், பிரேக் காற்று நிரம்புவதையும் பாருங்கள். ஹீட்டர் வெதுவெதுப்பாக்கியது என்ஜினை மட்டுமே. கியர்பாக்ஸ் ஆயிலும், பின் அச்சின் கிரவுன் ஆயிலும் இன்னும் இறுகியே இருக்கும், இரவு முழுவதும் நின்ற டயர்களும் ஒரு பக்கம் தட்டையாகி முதல் கிலோமீட்டரில் தடதடக்கும். அந்தத் தடதடப்பு அடங்கும்வரை சின்ன கியரிலேயே போங்கள்.