மதுரையிலிருந்து பப்புவா நியூ கினி: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பப்புவா நியூ கினி என்றதும் பலருக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கினிதான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு, இது வேறு. இது ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நாடு. நியூ கினி என்ற பெரிய தீவின் கிழக்குப் பாதியும், பக்கத்திலுள்ள நூற்றுக்கணக்கான சிறு தீவுகளும் சேர்ந்தது. 1975 செப்டம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்றது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன.

நம் பக்கத்துக்கு அந்த நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. சிவகாசியில் பிறந்த சசீந்திரன் முத்துவேல் அங்கே குடியேறி, 2012-இல் மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்தின் ஆளுநராகத் தேர்தலில் வென்றார். அவரும் சுபா சசீந்திரனும் சேர்ந்து அந்த நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் மொழிபெயர்த்த திருக்குறளை, 2023 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களும் போர்ட் மோர்ஸ்பியில் வெளியிட்டார்கள்.

திட்டம் போட ஆரம்பிக்கும்போதே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து நாட்டின் மற்ற பெரிய ஊர்களுக்குச் சாலையே கிடையாது. லே போக வேண்டுமா, கொரோக்கா போக வேண்டுமா, விமானம்தான். பஸ் ஸ்டாண்டில் போய் நின்று கிடைக்கிற வண்டியில் ஏறுகிற பழக்கம் அங்கே செல்லாது. அதனால் ஊர், ஆள், விமானம், அறை எல்லாம் மதுரையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: மாதத்தையும் ஊரையும் முடிவு செய்யுங்கள்

பொதுவாக மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஆனால் நாடு முழுக்க ஒரே வானிலை இல்லை. போர்ட் மோர்ஸ்பியில் ஆண்டு மழை கிட்டத்தட்ட மதுரை அளவுதான். லேயில் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் கொட்டும்.

முதல் பயணத்துக்கு என் யோசனை: ஒரு மலை ஊர், ஒரு கடலோர ஊர், அவ்வளவு போதும். மலைக்கு கொரோக்கா அல்லது மவுன்ட் ஹேகன். ஆகஸ்டில் மவுன்ட் ஹேகனிலும், செப்டம்பரில் சுதந்திர தினத்தை ஒட்டி கொரோக்காவிலும் பெரிய விழா நடக்கும். பல இனக்குழுக்கள் தங்கள் இறகுக் கிரீடங்களோடும் முகப்பூச்சோடும் வந்து ஆடிப் பாடுவார்கள். விழா நாட்களில் போவதென்றால் பல மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும்.

கடலோரத்துக்கு நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபௌல், கொக்கொப்போ பக்கம் போகலாம். 1994-இல் எரிமலை வெடித்து ரபௌல் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலில் புதைந்தது. அங்கே போனால் பிட்டா பாக்கா போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டாயம் போய் வாருங்கள். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியான இந்தியச் சிப்பாய்கள் பலர் இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்துபோனார்கள். லேயில் உள்ள தோட்டத்திலும் இந்தியச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. அந்தக் கற்களில் உள்ள பெயர்களைப் படிக்க நம் ஊரிலிருந்து யாராவது போக வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

96 கிலோமீட்டர் கொக்கோடா நடைபாதையும், 4,509 மீட்டர் உயர வில்ஹெல்ம் சிகரமும் மலையேறிப் பழகியவர்களுக்கானவை. முதல் தடவையே வேண்டாம்.

படி 2: அந்த ஊர் ஆளைப் பிடியுங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பப்புவா நியூ கினியில் மிகப் பெரும்பகுதி நிலம் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். அருவி, கடற்கரை, குகை, காட்டுப்பாதை எல்லாவற்றுக்கும் உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, தர வேண்டியதைத் தந்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஒரே மொழி பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள். இந்த உறவை ‘வான்டோக்’ என்பார்கள். தலைநகரத்து வழிகாட்டி மலைக்கு வந்தால் அங்கே அவரும் வெளியூர்க்காரர்தான். ஆகவே கொரோக்கா போகிறீர்கள் என்றால் கொரோக்காக்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வையுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை, இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

தங்கப்போகும் விடுதியிடமே கேட்டால் ஆள் சொல்வார்கள். விமான நிலையத்தில் அழைத்துக்கொள்ள வருகிறவரின் பெயரையும் எண்ணையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். காலம் குறைவாக இருந்தால் முதலில் மதுரை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் புதுப்பித்துவிடுங்கள்.

விசாவைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் நகல், புகைப்படம், பயணத் திட்டம், அறை முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். வந்ததும் இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைப் பாஸ்போர்ட்டோடும் இன்னொன்றைப் பெட்டியிலும் வையுங்கள்.

படி 4: விமானமும் சிங்கப்பூர் சிக்கலும்

நமக்கு வசதியான வழி சிங்கப்பூர்தான். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, ஏறத்தாழ நாலு மணி நேரம். எல்லா நாளும் இருக்காது, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு ஏர் நியுகினி பறக்கிறது. அது ஆறரை மணி நேரம் போல.

புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால் உங்கள் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. நீங்கள் சிங்கப்பூர் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லாச் சலுகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பப்புவா நியூ கினி விசாவைக் காட்டினால் செல்லாது. விசா இல்லை என்றால் மதுரை கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே கடைசி ஊர் வரை பெட்டி போகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சென்னையிலிருந்து கிளம்பினால் அப்படிக் கிடைக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் சிங்கப்பூர் விசாவையும் எடுத்துக்கொண்டு, நடுவில் ஓர் இரவு தங்குங்கள். ஆஸ்திரேலியா வழியாகப் போக நினைத்தால், விமானம் மாறுவதற்கே நமக்கு டிரான்சிட் விசா வேண்டும்.

உள்நாட்டு விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் சகஜம். மலை ஊரில் மேகம் இறங்கினால் விமானமும் இறங்காது. திரும்பும் சர்வதேச விமானத்துக்கு ஒரு நாள் முன்பே போர்ட் மோர்ஸ்பிக்கு வந்துவிடும்படி திட்டம் போடுங்கள்.

படி 5: மருத்துவர்

மலேரியாதான் பெரிய ஆபத்து. பசிபிக் பகுதியிலேயே மலேரியா மிக அதிகமுள்ள நாடு இது; குளோரோகுயின் மாத்திரைக்குக் கேட்காத வகையும் இருக்கிறது. கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த ஊர், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை எது என்று அவர்தான் முடிவு செய்வார். டாக்சிசைக்ளின் கொடுத்தால், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, மலேரியா உள்ள பகுதியை விட்டு வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. அந்த மாத்திரையில் வெயில் தோலைச் சீக்கிரம் சுடும், தொப்பி அவசியம். டைபாய்டு, ஹெபடைடிஸ், டெட்டனஸ் ஊசிகளைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது அவசர விமான மருத்துவ மாற்றத்துக்குப் பணம் தருமா என்று பாருங்கள். பெரிய பாதிப்பு என்றால் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸுக்கோ பிரிஸ்பேனுக்கோ கொண்டுபோவார்கள். சொந்தக் காசில் அது கட்டுப்படியாகாது.

படி 6: பணம்

நாணயம் கினா, நூறு தோயா ஒரு கினா. ஒரு கினா ஏறத்தாழ 20 ரூபாய். மதுரையில் கினா தேடி அலைய வேண்டாம். அமெரிக்க அல்லது ஆஸ்திரேலிய டாலர் வாங்கிக்கொண்டு, போர்ட் மோர்ஸ்பி விமான நிலையத்தில் மாற்றுங்கள். பெரிய ஊர்களில் ஏடிஎம் உண்டு. கிராமத்தில் ரொக்கம் மட்டும்தான், அதுவும் சில்லறையாக. யுபிஐ பழக்கத்தை மறந்துவிடுங்கள்.

அறை வாடகை அதிர வைக்கும். பாதுகாப்புச் செலவும் இறக்குமதிச் செலவும் அதில் சேர்ந்துவிடுகின்றன. கிறிஸ்தவ மிஷன் அமைப்புகள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்கள் விலை குறைவு, சுத்தமும் இருக்கும், அமைதியும் இருக்கும்.

படி 7: பெட்டியில் என்ன

முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, டார்ச், ஆஸ்திரேலிய வகை பிளக் அடாப்டர். கொரோக்காவும் மவுன்ட் ஹேகனும் 1,600 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால் ராத்திரியில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். பெண்களுக்குச் சுடிதார் மிகப் பொருத்தம். உணவு, விதை, செடி எதைக் கொண்டுபோனாலும் சுங்கப் படிவத்தில் எழுதிவிடுங்கள். பருப்புப் பொடி பாக்கெட் ஆனாலும் சரி.

படி 8: போர்ட் மோர்ஸ்பியில் இறங்கியதும்

கடிகாரத்தை நாலரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். சிம் கார்டு வாங்குங்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள். அழைக்க வந்தவரோடு நேராக விடுதிக்குப் போங்கள். வழிப்பறி இந்த நகரத்தில் உண்மையான பிரச்சினை. இருட்டிய பிறகு நடக்கவே கூடாது. பிஎம்வி என்கிற சிற்றுந்துகள் ஓடும். தலைநகரில் புதியவர்கள் அதில் ஏற வேண்டாம். மலை மாகாணங்கள் சிலவற்றில், குறிப்பாக எங்காவில், இனக்குழுச் சண்டைகள் நடக்கின்றன. போவதற்கு முன்பும் போன பிறகும் உள்ளூர்க்காரரிடம் நிலவரம் கேளுங்கள். போர்ட் மோர்ஸ்பியில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, அதன் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

இதைப் படித்துப் பயந்துகொண்டு பயணத்தையே விட்டுவிடாதீர்கள். அழைக்க ஆள் இருந்து, பகலிலேயே நடமாடி, சொன்ன பேச்சைக் கேட்டால் பெரும்பாலான பயணங்கள் நல்லபடியாகவே முடிகின்றன.

படி 9: சந்தையும் சாப்பாடும்

முதலில் டோக் பிசினில் நாலு சொல். ‘அபினுன்’ என்றால் மாலை வணக்கம். ‘ஹமாஸ்?’ என்றால் எவ்வளவு. ‘தென்க்யூ த்ரு’ என்றால் ரொம்ப நன்றி. சைவமாக இருந்தால் ‘மி நோ கைகை மிட்’, இறைச்சி சாப்பிட மாட்டேன். ஆங்கிலமும் ஆட்சிமொழிதான், விடுதிகளில் சிரமம் இருக்காது.

சந்தையில் பெண்கள் தரையில் விரிப்புப் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேர்க்கடலை, கீரைக்கட்டு, வாழைப்பழம் எல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறு இன்ன விலை. பேரம் பேசாதீர்கள், அது மரியாதைக் குறைவு. மலையில் சர்க்கரைவள்ளிதான் மூன்று வேளைச் சோறு, ‘கௌகௌ’ என்பார்கள். தாழ்நிலத்தில் சேகோ பனையின் மாவு. ஜவ்வரிசியின் பூர்வீகம் அந்தப் பனைதான். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது. கிழங்கு, கீரை, தேங்காய்ப்பால் என்று சைவர்கள் சமாளித்துவிடலாம். ‘முமு’ விருந்தில், சூடேற்றிய கற்களோடு குழிக்குள் வாழையிலை போட்டு எல்லாவற்றையும் சேர்த்தே அவிப்பார்கள். அதில் பன்றிக்கறியும் இருக்கும். முன்கூட்டியே சொன்னால் உங்கள் கிழங்கைத் தனியே சுட்டுத் தருவார்கள்.

எங்கே திரும்பினாலும் பாக்கு. சோழவந்தான் வெற்றிலை மென்று பழகியவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் பச்சைப் பாக்கைப் பல்லால் உரித்து மெல்வார்கள். பிறகு வெற்றிலைக் கொடியின் இலையைவிட்டு, விரல் நீளத்துக்குப் பச்சையாக இருக்கும் அதன் பூங்கதிரை எடுத்து, சிப்பியோ பவளமோ சுட்ட சுண்ணாம்பில் தொட்டு, நுனியைக் கடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் வாய் செக்கச் சிவந்துவிடும். யாராவது பாக்கை நீட்டினால் அது நட்பின் அடையாளம். கையில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாலே போதும். பச்சைப் பாக்கு பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். வாய்ப்புற்றுநோயும் அந்த நாட்டில் அதிகம். விமான நிலையம், வங்கி போன்ற இடங்களில் பாக்கு மெல்லத் தடை, அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

கிராமத்தில் உட்கார்ந்திருப்பவரையோ உணவையோ தாண்டிப் போகக் கூடாது. படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும். அன்று வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 10: திரும்பும்போது

மிச்சமிருக்கும் கினாவை அங்கேயே மாற்றிவிடுங்கள், வெளியே வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். நினைவுக்கு ஒன்று வாங்குவதென்றால் ‘பிலும்’ வாங்குங்கள். நூலால் கையால் பின்னிய பை, பெண்கள் பட்டையை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவார்கள். பின்னியவரிடமே வாங்கினால் காசு முழுக்க அவருக்குப் போகும். சொர்க்கப் பறவையின் இறகு உள்ள எதையும் தொடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட பறவை.

ஊர் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ உங்கள் மருத்துவரிடமோ போய், பப்புவா நியூ கினி போய் வந்ததைச் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் காய்ச்சலைக் கிளப்பும். ஒரு வருடம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் இந்தப் பயணத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.