ஸ்க்ரம் சரிஞ்சுட்டே இருந்துச்சு, நாங்க சரி பண்ண கதை

கிருஷ்ணகிரில நம்ம பசங்களுக்கு ரக்பி சொல்லித்தரேன், கபடி ஆடி வந்தவனுங்கதான் பாதி பேரு, அதனால பலத்துக்கு குறைச்சலே இல்ல, ஆனா ஸ்க்ரம் (ரெண்டு டீம்லயும் எட்டெட்டு பேரு குனிஞ்சு ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு, எதிர் டீமோட முட்டித் தள்ளுறது) போட்டா ரெண்டாவது செகண்ட்லயே பொத்துனு விழும். பர்கூர் பையன் நம்பர் 1, காவேரிப்பட்டணம் பையன் நம்பர் 3, முன் வரிசைல ரெண்டு ஓரத்துலயும் நிக்கிறவனுங்க, ரெண்டு பேரும் "நீதான்டா விட்ட"னு முறைச்சிக்குவானுங்க.

ஒருநாள் சைடுல உக்காந்து போன்ல வீடியோ எடுத்தேன். 3 ஓட முதுகு கூன் போட்டிருக்கு, கால் ரொம்ப பின்னாடி, தோள் இடுப்புக்கு கீழ போயிடுது. அப்புறம் எங்க நிக்கும்?

தள்ளுறதையே ஒரு வாரம் நிறுத்திட்டேன். குனிஞ்சு நிக்கணும், முதுகுல பாதி தண்ணி பாட்டில படுக்க வைப்பேன், உருண்டா திரும்ப முதல்லேர்ந்து. அப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு, அப்புறம் மூணு மூணு பேரு, கடைசியாதான் எட்டு பேரும். க்ரவுச் (குனி), பைண்ட் (பிடி), செட் (முட்டு)னு ரெஃப்ரி சொல்ற ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அவசரப்படாம நிக்கணும்.

சண்டைக்கு வேற வைத்தியம்: பின்னாடி தள்ளுற லாக் 4, 5 ரெண்டு பேரையும் ஒரு நாள் முன்னாடி நிக்க வெச்சேன் (மெதுவாதான், கழுத்து விஷயம்ல விளையாட கூடாது). கழுத்து வலிச்சப்புறம் ஒருத்தனும் 3 ஐ திட்டல. இப்ப பாட்டில் கொண்டு வர்றதே அந்த 3 தான்.