பிரெட் ஹார்ட்டின் ஆட்டங்களை மறுபடி பார்ப்பது எப்படி

ஹைலைட்ஸில் பார்த்தால் மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட் பெரிய ஆட்டக்காரராகத் தெரியமாட்டார். உயரத்திலிருந்து குதிப்பது குறைவு, மைக்கைப் பிடித்துக் கத்துவதும் குறைவு. இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த உடை, கூலிங் கிளாஸ், கடைசியில் எதிராளியின் கால்களைப் பின்னி முதுகை வளைக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடி என்று மூன்று நிமிடத் தொகுப்பில் முடிந்துவிடுவார். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பையன்கள் கையில் இருந்த டிரம்ப் கார்டிலும் உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ்தான் இருந்தன. ஆட்டத்தை எப்படிக் கட்டினார் என்பதற்குக் கார்டில் கட்டம் கிடையாது.

அவருடைய ஆட்டங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். ஒரு வருடம் அவரை ஜெயிக்க வைத்த பிடி, அடுத்த வருடம் அவரையே கவிழ்க்கும். அதனால் தேதி வரிசையில் எல்லாவற்றையும் பார்ப்பதைவிட ஜோடி ஜோடியாகப் பார்ப்பதுதான் பலன் தரும். கீழே சொல்லப்போவது 1991 முதல் 1997 வரையான காலம். அதற்கு முன்பு ஜிம் நைட்ஹார்ட்டோடு ‘ஹார்ட் ஃபவுண்டேஷன்’ ஜோடியாக ஆடியவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, சரியான பிரதியைப் பிடிப்பது. அவர் ஆடிய மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ (அன்றைய பெயர் டபிள்யூடபிள்யூஎஃப்) இந்தியாவில் 2025 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸுக்கு மாறிவிட்டது. பழைய நிகழ்ச்சி எல்லாம் எப்போதும் அங்கே இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். யூடியூபில் நிறுவனத்தின் சொந்த சேனல்கள், குறிப்பாக ‘டபிள்யூடபிள்யூஇ வால்ட்’, முழு ஆட்டங்களைப் போடுகின்றன. எங்கே எடுத்தாலும் முதலில் நீளத்தைப் பாருங்கள். மணி அடித்ததிலிருந்து முடிவு வரை 1991 சம்மர்ஸ்லாம் ஆட்டம் சுமார் 18 நிமிடம், 1992 வெம்ப்லி 25, 1994 ரெஸ்ல்மேனியாவில் தம்பி ஓவனோடு 20, 1997 ரெஸ்ல்மேனியாவில் ஸ்டீவ் ஆஸ்டினோடு 22. இதற்கு மேல் நுழைவுக் காட்சிக்கு நாலைந்து நிமிடம் சேரும். 25 நிமிட ஆட்டம் 14 நிமிடத்தில் முடிகிறதென்றால் நடுப்பகுதியை வெட்டியிருக்கிறார்கள். வெட்டுபவர்கள் எப்போதும் கை வைப்பது மெதுவான பிடிகளில்தான். பிரெட்டின் வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. பழைய வீடியோ கேசட் வெளியீடுகளிலும் இந்தக் கத்தரி விழுந்திருக்கிறது.

பழைய டிவிடி பதிப்புகளில் ரிங்கின் மேல் இருக்கும் சின்னம் மங்கலாக்கப்பட்டு, வர்ணனையில் ‘டபிள்யூடபிள்யூஎஃப்’ என்ற சொல் வரும் இடம் வெட்டுப்பட்டிருந்தால் உங்கள் தட்டில் கோளாறு என்று நினைக்காதீர்கள். அதே சுருக்கப் பெயர் கொண்ட உலகக் காட்டுயிர் நிதியம் தொடுத்த வழக்கால் 2002இல் பெயர் மாறியது. 2012 வரை வந்த வெளியீடுகளில் இந்த மறைப்பு இருந்தது. வேறு பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். வர்ணனை நடுவில் அறுபடுவது கடைசி நிமிடங்களில் ரொம்பவே உறுத்தும்.

அடுத்தது படம். இவை எல்லாம் 4:3 அளவில் எடுத்தவை. டிவியில் ‘வைட்’ அல்லது ‘ஜூம்’ நிலை போட்டிருந்தால் ஆட்கள் குட்டையாகவும் தடிமனாகவும் தெரிவார்கள், அல்லது தலையும் காலும் வெட்டுப்படும். காலில் நடப்பதைப் பார்க்கப்போகிற நமக்கு இது ஆகாது. 1920 புள்ளி அகலத் திரையில் படம் 1440 புள்ளி அகலத்தில், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வந்தால் சரி. சொந்த டிவிடியிலிருந்து கணினியில் பார்க்கும்போது வேகமான அசைவில் சீப்புப் பல் போலக் கோடு விழுந்தால், விஎல்சி பிளேயரில் ‘டி’ விசையைத் தட்டி, அந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸைப் போடுங்கள். வகைகளில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ நல்லது. அதே விஎல்சியில் ‘இ’ விசை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி விசை தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே, முற்றுப்புள்ளி விசை தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே.

வேகத்தைக் கூட்ட மட்டும் வேண்டாம். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் பிடிகள் தெரியும், வலி தெரியாது. நொண்டுவது, கையை உதறுவது, எழுந்திருக்க இரண்டு மூச்சு கூடுதலாக எடுப்பது எல்லாம் அடிபட்டுப்போகும்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சத்தத்தோடு, நிறுத்தாமல். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு தாளில் ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: மணி, எதிராளி முதன்முதலாக மேலே வந்த இடம், பிரெட் திருப்பி அடிக்கத் தொடங்கிய இடம், நடுவர் இரண்டு எண்ணி மூன்றுக்குப் போகாமல் நின்ற முதல் இடம், முடிவு. (எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும்வரை வைத்திருந்தால் ஜெயம். அதற்குப் பெயர்தான் ‘பின்’.) பக்கத்தில் எந்த உறுப்பு அடிவாங்குகிறது என்று ஒரு சொல் போதும். நாலு ஆட்டத்துக்கு எழுதினாலே அவர் கணக்கு பிடிபடும்.

தொடங்க வேண்டிய ஆட்டம் 1991 ஆகஸ்ட் 26, சம்மர்ஸ்லாம், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற கர்ட் ஹென்னிக்கோடு இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கு ஆடியது. ஹென்னிக் முதுகுக் காயத்தோடு ஆடினார். அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் விழும் விதத்தைப் பார்த்தால் மரியாதை கூடும். பிரெட்டின் அரிச்சுவடி முழுக்க இதில் இருக்கிறது. மற்றவர்கள் மூலைக் கம்பத்தில் முதுகால் மோதுவார்கள்; இவர் ஓடிவந்து மார்பால் மோதுவார். பதிலடி தொடங்கியதும் எதிராளியின் காலைத் தட்டி மல்லாக்கச் சாய்க்கும் ரஷ்யன் லெக்ஸ்வீப், முழங்காலில் முதுகை இறக்கும் பேக்பிரேக்கர், இரண்டாவது கயிற்றிலிருந்து முழங்கை, பிறகு ஷார்ப்ஷூட்டர். ‘ஐந்தே பிடி வைத்திருக்கிறார்’ என்று கேலி பேசுவோர் கவனிக்காதது, இவை பெரும்பாலும் முதுகைக் குறிவைத்தவை என்பது. ஷார்ப்ஷூட்டர் வளைப்பதும் முதுகைத்தான். முடிவில் பிரெட் மல்லாந்து கிடக்க, ஹென்னிக் அவர் வயிற்றுக்குக் கீழே காலை இறக்குகிறார். மறுபடி இறக்க வரும்போது பிரெட் அந்தக் காலைப் பிடித்து, கிடந்த நிலையிலேயே ஷார்ப்ஷூட்டரைப் போட்டுவிடுகிறார். அந்தப் பத்து விநாடியை ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள்.

இதன் ஜோடி 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்லி அரங்கம். அறிவிக்கப்பட்ட கூட்டம் 80,355. எதிரே தங்கை டயானாவின் கணவர் டேவி பாய் ஸ்மித். ஆட்டம் தொடங்கியதும் முன்கூட்டிப் பேசிவைத்ததெல்லாம் டேவிக்கு மறந்துவிட்டது, அடுத்தது என்ன என்று சொல்லிச் சொல்லி வழிநடத்தியது தான்தான் என்று பிரெட் பின்னாளில் சொன்னார். இது தெரிந்த பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் மாறும். கழுத்துப் பிடி போட்டு இருவரும் கீழே உட்காரும் ஒவ்வொரு முறையும் பிரெட்டின் முகம் எங்கே இருக்கிறது, தலைமுடி வாயை மறைக்கிறதா என்று கவனியுங்கள். கடைசிப் பகுதியில் இருவரும் மோதி விழுந்து கிடக்கையில், பிரெட் படுத்தவாக்கிலேயே கால்களைப் பின்னி ஷார்ப்ஷூட்டர் போடுகிறார். போன வருடம் பட்டம் வாங்கித் தந்த அதே வித்தை. டேவி கயிற்றை எட்டிவிடுகிறார்; கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விட்டாக வேண்டும். சற்று நேரத்தில் பிரெட் தலைக்கு மேலாகப் பாய்ந்து புரட்டப் பார்க்க, டேவி அப்படியே உட்கார்ந்து கால்களைப் பூட்டி மூன்று எண்ணிக்கை வாங்குகிறார். முந்தைய ஆட்டத்தைப் பார்க்காமல் இதைப் பார்ப்பவருக்கு அந்தக் கயிறு வெறும் கயிறுதான்.

இரண்டாவது ஜோடியில் முதலாவது 1993 ஜூன் 13, ஓஹையோ மாநிலம் டேட்டன், கிங் ஆஃப் தி ரிங். ஒரே இரவில் மூன்று ஆட்டம்: ரேசர் ரமோன், மிஸ்டர் பெர்ஃபெக்ட், பாம் பாம் பிகலோ. மூன்றையும் ஒரே அமர்வில் பார்ப்பது முக்கியம். ரமோன் மிதித்த விரல்களின் வலியை அடுத்த ஆட்டத்துக்கும் சுமந்துபோகிறார். பிரித்துப் பார்த்தால் அந்தக் கை உதறல் எதற்கென்றே புரியாது. மூன்று முடிவும் வேறு வேறு. இறுதியில் பிகலோவின் தோளில் ஏறி, முன்னால் உருட்டிச் சாய்த்து ஜெயிக்கிறார். விக்டரி ரோல் என்பது இதுதான்.

உடனே 1994 மார்ச் 20க்குப் போங்கள். ரெஸ்ல்மேனியா 10, மேடிசன் ஸ்கொயர் கார்டன், எதிரே தம்பி ஓவன். பிரெட்டின் முழங்கால் பழுதாக, ஓவன் அந்தக் காலையே பிடித்துக்கொள்கிறார். முடிவில் பிரெட் அதே விக்டரி ரோலுக்கு ஏற, ஓவன் அவரை அப்படியே கீழே அமுக்கி ‘பின்’ செய்துவிடுகிறார். அண்ணன் ஆட்டத்தைத் தம்பியைவிட யார் அறிவார்! இதோடு நிறுத்தாதீர்கள். அன்றிரவே பிரெட் யோகோசூனாவை எதிர்த்துப் பட்டம் வாங்குகிறார். ஆட்டமாக அது சுமார்தான், பத்து நிமிடம். ஆனால் நொண்டல் தொடர்கிறதா என்று பார்க்கவும், கொண்டாட்டத்தின்போது நடைபாதையில் நின்று வெறித்துப் பார்க்கும் ஓவனுக்காகவும் பார்க்க வேண்டும். அந்த ஆகஸ்டில் சிகாகோவில் இருவரும் ஆடிய கூண்டு ஆட்டம் 32 நிமிடம். தப்பிக்க முயல்வதும் இழுத்துப் போடுவதுமாகவே போகும். நேரம் இருந்தால் பாருங்கள்.

மூன்றாவது தொடருக்கு 1992 ஏப்ரல் 5, இண்டியானாபொலிஸ், ரெஸ்ல்மேனியா 8, ராடி பைப்பர். பதினாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒரு விநாடி வீணில்லை. பைப்பர் மணியைக் கையில் எடுத்து அடிப்பதா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டத்தைக் கேளுங்கள். பிறகு அவர் பின்னாலிருந்து கழுத்தை இறுக்க, பிரெட் மூலைக் கம்பத்தைக் காலால் உதைத்துப் பின்னோக்கிச் சாய்ந்து, பிடி விடாத பைப்பரை ‘பின்’ செய்கிறார். நாலரை வருடம் கழித்து, 1996 நவம்பர் 17, சர்வைவர் சீரிஸ், ஸ்டீவ் ஆஸ்டின். இருபத்தெட்டு நிமிட ஆட்டத்தின் முடிவில் ஆஸ்டினும் அதேபோலக் கழுத்தை இறுக்குகிறார். பிரெட் அதேபோல மூலையை உதைத்துச் சாய்கிறார். அச்சு அசல் அதே முடிவு. எதிராளி எவ்வளவு பிடிவாதமாகப் பிடியை வைத்திருக்கிறாரோ, அவ்வளவு வசதியாக இது வேலை செய்யும்.

இப்போதுதான் 1997 மார்ச் 23, ரோஸ்மான்ட், ரெஸ்ல்மேனியா 13. இதை முதலில் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இது சப்மிஷன் ஆட்டம், ‘பின்’ செல்லாது. அதாவது நவம்பரில் பிரெட் தப்பித்துப்போன வாசலை விதியே அடைத்துவிட்டது. ஒருவர் ‘போதும்’ என்று சொல்லியாக வேண்டும். நடுவர் கென் ஷாம்ராக். கூட்டத்துக்குள் அடித்துக்கொண்டு போகும் முதல் பகுதியை ரசித்துவிட்டு, ரிங்குக்குத் திரும்பியதும் ஆஸ்டினின் காலைக் கவனியுங்கள். உறை மாட்டிய முழங்காலையே பிரெட் திரும்பத் திரும்பத் தாக்குகிறார். கம்பத்துக்கு வெளியே போய், ஆஸ்டினின் கால்களைக் கம்பத்தைச் சுற்றிப் பூட்டித் தானும் தலைகீழாகத் தொங்குகிறார். கதையில் நல்லவராக வருபவர் செய்யக்கூடியதுதான், ஆனால் கொஞ்சம் அதிகம். இந்த ‘கொஞ்சம் அதிகம்’ ஒவ்வொன்றையும் தாளில் குறித்து, பக்கத்தில் கூட்டம் யாருக்குக் கத்துகிறது என்று எழுதுங்கள். நாற்காலி, மணி என்று போகப்போகக் கூட்டம் கைமாறுவது உங்கள் தாளிலேயே தெரியும். இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இரண்டாவது தடவையும் சத்தம் வேண்டும், ஹெட்ஃபோனில். கடைசியில் ரத்தம் வழியும் முகத்தோடு ஷார்ப்ஷூட்டரில் கிடக்கும் ஆஸ்டின் சரணடையாமல் மயங்குகிறார். ஜெயித்த பிரெட் மயங்கிய ஆளை மறுபடி அடிக்க, ஷாம்ராக் இழுத்துப்போடுகிறார். உதவியில்லாமல் நொண்டிப் போகும் ஆஸ்டினுக்கு ஆரவாரம். ஒரே ஆட்டத்தில் நல்லவரும் கெட்டவரும் இடம் மாறியது நடுவிலேயே தொடங்கிவிட்டது. எந்த நிமிடம் என்பதில் உங்கள் தாளும் உங்கள் நண்பர் தாளும் ஒத்துப்போகாது, பரவாயில்லை.

1996 மார்ச் 31, அனஹைம், ஷான் மைக்கேல்ஸோடு ஆடிய ஒரு மணி நேர அயர்ன் மேன் ஆட்டத்தை நடுவில் எங்கும் செருகாதீர்கள். இந்தக் கண் பழகிய பிறகு தனியாக உட்காருங்கள். அறுபது நிமிடத்துக்குள் அதிகத் தடவை வீழ்த்துபவருக்கே வெற்றி என்பது விதி, ஆனால் ஒரு புள்ளிகூட விழாது; கூடுதல் நேரத்தில்தான் மைக்கேல்ஸ் ஜெயிக்கிறார். அது தெரியாமல் உட்கார்ந்து இருபதாவது நிமிடத்தில் சலித்து ஓட்டிவிடுவோர் நிறைய. முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றேதான் மெதுவாகப் போகிறது. அங்கே ஒரு இடைவேளை விட்டு, நாற்பத்தைந்தில் இன்னொன்று விட்டால் கடைசிக் கால் மணி நேரத்தை முழு கவனத்தோடு பார்க்கலாம்.

1997 நவம்பர் 9, மான்ட்ரியாலில் அதே மைக்கேல்ஸோடு ஆடிய ஆட்டத்தைத் தொடரின் கடைசியில் வையுங்கள். பிரெட் சரணடையாமலே மணியடித்துப் பட்டத்தைப் பறித்த அந்தக் கடைசி விநாடிகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்கு முன் நடந்த பன்னிரண்டு நிமிடத்தை, முடிவு தெரியாதவர் போலப் பாருங்கள். இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து அடித்துக்கொள்ளும் நல்ல ஆட்டம் ஒன்று அதில் இருக்கிறது. 1999 டிசம்பரில், போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவின் ஸ்டார்கேடில் கோல்ட்பர்க்கின் உதை தலையில் பட்டு, அடுத்த வருடம் ஓய்வு பெற வைத்த ஆட்டம் இந்த வரிசைக்கு வேண்டாம். டபிள்யூசிடபிள்யூ காலத்திலிருந்து ஒன்று பார்க்க வேண்டுமென்றால் அதே வருடம் அக்டோபர் 4, கேன்சஸ் சிட்டி கெம்ப்பர் அரீனா, கிறிஸ் பென்வாவோடு ஆடியது. மே மாதம் ஓவன் உயரத்திலிருந்து விழுந்து இறந்த அதே அரங்கில், அவர் நினைவாக ஆடிய ஆட்டம் அது. மனைவியையும் மகனையும் கொன்ற பென்வாவின் பிற்காலக் குற்றத்தால் நிறுவனத் தொகுப்புகளில் எளிதில் கண்ணில் படாது; பார்க்காமல் விடுவோரும் உண்டு.