வெளிநாட்டில் பழைய பைக்கில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு

மலிவு விலையில் வண்டி கிடைக்கிறதே என்று உடனே பணத்தை நீட்டிவிடாதீர்கள். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் எண் மாறினாலும் அந்த வண்டி வேண்டாம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில், நாடுகளுக்கிடையே போடப்பட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தங்களின்படி, 1949 ஒப்பந்த வகை, 1968 ஒப்பந்த வகை என்று உண்டு. எல்லா நாடுகளும் இரண்டையும் ஏற்பதில்லை. வியட்நாமில் 1968 வகைதான் செல்லும். செல்லாத அனுமதியோடு விபத்தில் சிக்கினால் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கை கொடுக்காது. இதைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள், தயவுசெய்து.

அப்புறம் ஆயில். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். சிறிய இன்ஜினில் சுமார் ஒரு லிட்டர்தான் பிடிக்கும், பழைய வண்டியோ அதையும் குடித்துக்கொண்டே ஓடும். தினமும் காலையில் வண்டியை நேராக நிமிர்த்தி நிறுத்தி, டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா செருகித்தான் அளக்க வேண்டும். ஆயில் மட்டம் அதிலுள்ள கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டால் ஊற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பையில் ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஸ்பார்க் பிளக், டயருக்கேற்ற ட்யூப் இருக்கட்டும். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். இந்த வண்டிகளின் ஹெட்லைட்டை நம்ப முடியாது.